டர்பனில் லேசர் கொண்டு வினைவேகம் அளப்போருக்கு: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் கடற்காற்று எட்டும் தூரத்தில் உள்ள ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில், முதுநிலை மாணவர்களுக்கு லேசர் துடிப்புகளைக் கொண்டு வினைவேகம் அளக்கப் பல ஆண்டுகளாகக் கற்றுக்கொடுத்து வருகிறேன். தமிழ்நாட்டிலிருந்து மேலாய்வுக்கு வருபவர்களும், டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளில் பிறந்து வளர்ந்து தமிழ் வகுப்புக்குப் போய் எழுதப் படிக்கக் கற்றவர்களும் அவர்களுள் உண்டு. கருவி தகராறு செய்யும் நாளில் அவர்கள் அனைவரும் கேட்பது, திரையில் வந்திருக்கும் எண் சரியா என்பதுதான். அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அந்த எண் மூலக்கூறுக்குச் சொந்தமா, கருவிக்குச் சொந்தமா? கீழே வரும் ஒவ்வொரு அறிகுறியிலும் இந்தக் கேள்வியைத்தான் வெவ்வேறு விதமாகக் கேட்டிருக்கிறேன். ஒன்றை மட்டும் தெரிந்த அளவு மாற்றி, எண் எப்படி நகர்கிறது என்று பார்ப்பதே விடை காணும் வழி.

இங்கே நான் மனத்தில் வைத்திருக்கும் அமைப்பு பெரும்பாலான ஆய்வகங்களில் இருப்பதுதான். என்டி-யாக் லேசர் 1064 நானோமீட்டரில் தரும் ஒளியைப் படிகங்கள் வழியே செலுத்தி 532, 355 அல்லது 266 நானோமீட்டராக மாற்றி, சில நானோநொடி நீளமுள்ள துடிப்பாகக் கரைசலின்மீது விழச் செய்கிறோம். குறுக்கே செல்லும் செனான் விளக்கின் ஒளி, கிளர்ந்த மூலக்கூறுகள் எவ்வளவு நேரம் உயிரோடிருக்கின்றன என்பதை, அதாவது அவற்றின் வாழ்நாளைக் காட்டுகிறது. நாரிஷும் போர்ட்டரும் 1940களின் இறுதியில் ஒளிர்விளக்குகளைக் கொண்டு தொடங்கிய முறையின் நேரடி வாரிசு இது. அவர்களுக்கும் ஐகனுக்கும் 1967இல் நோபல் பரிசு கிடைத்தது. ஃபெம்டோநொடி அளவில் பிணைப்பு முறிவதைக் கண்ட அகமது ஸெவைலுக்கு 1999இல் கிடைத்தது. கால அளவு மில்லிநொடியிலிருந்து ஃபெம்டோநொடிக்கு இறங்கிவிட்ட போதிலும், பிழைகள் பிறக்கும் இடங்கள் ஏறக்குறைய அவையே.

எந்தச் சோதனையிலும் கை வைப்பதற்கு முன் கண்ணாடி அணியுங்கள். 532 நானோமீட்டருக்கான கண்ணாடி 355ஐயும் 1064ஐயும் தடுக்கும் என்று எண்ணிவிடாமல், அதன் விளிம்பில் அச்சிட்டிருக்கும் அலைநீளத்தையும் தடுப்பெண்ணையும் படித்துப் பாருங்கள். 1064 கண்ணுக்குத் தெரியாது, ஆனால் விழித்திரை வரை தடையின்றிச் செல்லும். வளையல், மோதிரம், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கதவருகே கழற்றி வையுங்கள். தங்க வளையலில் பட்டுத் தெறிக்கும் ஒளி எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

எந்த அறிகுறியானாலும் முதலில் எடுக்க வேண்டிய நான்கு பதிவுகள்

லேசரும் விளக்கும் இரண்டும் கரைசலை அடையும் பதிவு ஒன்று. லேசர் இயங்கிக்கொண்டே இருக்க, கற்றையை மட்டும் கரைசலுக்கு முன்னால் மறைத்துவிட்டு எடுக்கும் பதிவு இரண்டாவது. லேசர் கரைசலை அடைய, விளக்கை மட்டும் மறைத்து எடுப்பது மூன்றாவது. இரண்டையும் மறைத்து எடுப்பது நான்காவது. இரண்டாவது பதிவில் எஞ்சி நிற்பது மின்காந்த இரைச்சல். மூன்றாவதில் எஞ்சி நிற்பது ஒளிர்தலும் சிதறலும். இவற்றைக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் உட்கவர்தல். லேசரை நிறுத்திவிட்டு இரண்டாவது பதிவை எடுப்பவர்கள் உண்டு. அது பயனற்றது, ஏனென்றால் இரைச்சலை உண்டாக்குவதே லேசரின் உள்ளே மின்னழுத்தம் மாறும் அந்தக் கணம்தான். நான்கு பதிவுகளுக்கும் சேர்த்து ஐந்து நிமிடம் ஆகும். இந்த ஐந்து நிமிடத்தை மிச்சப்படுத்தப் போய் ஒரு வாரத்தை இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அறிகுறி: என்ன செய்தாலும் வாழ்நாள் ஒரே எண்ணாக வருகிறது

ஒரு திங்கட்கிழமை காலை, முதல் ஆண்டு முதுநிலை மாணவி ஒருவர் அச்சிட்ட வரைபடத்தோடு வந்து நின்றார். "அக்கா, மூன்று நாளாக 120 மைக்ரோநொடிதான் வருகிறது. ஆக்சிஜனை வெளியேற்றினாலும் அதுதான், வெளியேற்றாவிட்டாலும் அதுதான். கரைப்பானை மாற்றியும் பார்த்துவிட்டேன்" என்றார். கோடு அழகாக இருந்தது. ஒரே அடுக்குக்குறிச் சிதைவு, அதில் ஒரு கறைகூட இல்லை. அவருடைய கவலையைவிட அந்த அழகுதான் எனக்கு ஐயத்தைத் தந்தது. மேசைக்குப் போய், ஃபோட்டோமல்டிப்ளையரிலிருந்து ஆசிலோஸ்கோப்புக்குச் செல்லும் ஒரு மீட்டர் கேபிளோடு இன்னொரு மீட்டர் கேபிளை இணைத்து மறுபடி எடுக்கச் சொன்னேன். 220 மைக்ரோநொடி வந்தது. கேபிளின் நீளத்தைப் பார்த்துத் தன் வாழ்நாளை மாற்றிக்கொள்ளும் மூலக்கூறு எதுவும் இல்லை.

நடந்தது இதுதான். ஆசிலோஸ்கோப்பின் உள்ளீடு 1 மெகா ஓமில் வைக்கப்பட்டிருந்தது. சாதாரண ஓரச்சுக் கேபிளுக்கு மீட்டருக்குச் சுமார் 100 பிகோஃபாரட் மின்தேக்கம் உண்டு. கருவியின் உள்ளீட்டில் ஓர் இருபது பிகோஃபாரட் சேர்ந்துகொள்கிறது. 120 பிகோஃபாரட்டை 1 மெகா ஓமால் பெருக்கினால் 120 மைக்ரோநொடி. மூலக்கூறின் சிதைவு அதற்கு வெகுநேரம் முன்பே முடிந்துபோயிருக்க, மின்தேக்கம் வடிவதைத்தான் மூன்று நாள் அளந்துகொண்டிருந்தோம். கேபிளின் முடிவில் 50 ஓம் இட்டால் கேபிளும் உள்ளீடும் பொருந்திப்போகும், நானோநொடிச் சிதைவும் உள்ளபடியே தெரியும்.

ஆனால் 50 ஓம் இட்டவுடன் குறிகை மிகச் சிறியதாகிவிடும். அதைக் கண்டு பயந்துதான் பலர் மறுபடி 1 மெகா ஓமுக்கே திரும்புகிறார்கள். பத்துகள், நூறுகள் என்று மைக்ரோநொடியில் நீளும் மெதுவான சிதைவுக்கு நடுவழி உண்டு. கேபிளை இயன்றவரை குட்டையாக்கி, 1 கிலோ ஓம் முடிவிட்டால் மேற்சொன்ன 120 பிகோஃபாரட்டுக்கு 0.12 மைக்ரோநொடிதான் கருவியின் பங்கு. அளக்கும் வாழ்நாள் இதைப்போல் குறைந்தது பத்து மடங்காவது இருக்கட்டும். எந்த மின்தடையை இட்டீர்கள் என்பதை ஒவ்வொரு பதிவின் கோப்புப் பெயரிலேயே எழுதி வையுங்கள்.

இதற்கு உறவான இன்னோர் அறிகுறி, சிதைவின் நடுவே ஒரு சிறு மேடு. கேபிளில் குறிகை மீட்டருக்கு ஏறக்குறைய 5 நானோநொடி வேகத்தில் செல்கிறது. 2 மீட்டர் கேபிளில் போய்த் திரும்பினால் 20 நானோநொடி. மேடு மிகச் சரியாக அங்கே நின்றால் அது முனையில் பட்டுத் திரும்பிய எதிரொலி. கேபிளை மாற்றிப் பாருங்கள், மேடும் கூடவே நகரும்.

அறிகுறி: ஒளிர்தல் நிறமாலையில் எதிர்பாராத முகடு

கிளர்வு அலைநீளத்தைப் பத்து நானோமீட்டர் நகர்த்துங்கள். முகடும் உடன் நகர்ந்தால் அது உங்கள் மூலக்கூறின் ஒளிர்தல் அன்று. நீரின் ராமன் சிதறல் கிளர்வு ஒளியிலிருந்து சுமார் 3400 எதிர்-சென்டிமீட்டர் தள்ளி நிற்கும். ஆகவே 355 நானோமீட்டர் ஒளி நீரில் 404 நானோமீட்டருக்கு அருகில் ஒரு முகட்டைத் தரும், 532 தரும் முகடு 650க்கு அருகில் நிற்கும். கொல்கத்தாவில் 1928இல் ராமன் கண்ட அதே விளைவு, நீர்த்த கரைசலை அளக்கும் ஒவ்வொருவரின் திரையிலும் இன்றும் வந்து நிற்கிறது. வெறும் கரைப்பானை அதே நிலையில் அளந்து கழித்துவிட்டால் போதும்.

710 நானோமீட்டரில் கூர்மையாக ஒன்று நின்றால் அது வேறு விஷயம். 355இன் சிதறல், மோனோகுரோமேட்டரின் கீற்றணியில் இரண்டாம் படியாக அங்கே வந்து விழுகிறது. 400 நானோமீட்டருக்குக் கீழுள்ளதை வெட்டும் வடிகட்டியை மோனோகுரோமேட்டருக்கு முன் வைத்தால் மறைந்துவிடும்.

அறிகுறி: லேசரின் ஆற்றலை மாற்றினால் வாழ்நாளும் மாறுகிறது

எல்லா அறிகுறிகளிலும் வேதியியல் மிகுந்தது இதுதான், ஆகவே இதில் அவசரப்பட வேண்டாம். முதலில் எண்ணிக்கை. 355 நானோமீட்டர் ஃபோட்டான் ஒன்றின் ஆற்றல் 5.6 × 10⁻¹⁹ ஜூல். 10 மில்லிஜூல் துடிப்பில் ஏறக்குறைய 1.8 × 10¹⁶ ஃபோட்டான்கள் வருகின்றன. அவை அனைத்தும் 0.3 மில்லிலிட்டர் கரைசலில் உட்கவரப்பட்டால், சுமார் 0.1 மில்லிமோலார் செறிவில் கிளர்ந்த மூலக்கூறுகள் ஒரே கணத்தில் தோன்றும். இவ்வளவு நெருக்கத்தில் மும்மை நிலை (நெடுநேரம் நீடிக்கும் கிளர்ந்த நிலை) மூலக்கூறுகள் தாமாகச் சிதையக் காத்திராமல் ஒன்றோடொன்று மோதி அழிகின்றன. அப்போது நாம் காண்பது முதல்படி வினையும் இரண்டாம்படி வினையும் கலந்த கலவை. அதை ஒற்றை அடுக்குக்குறியால் பொருத்தி ஒரு வாழ்நாளை எழுதிவிட்டால், அந்த எண் லேசர் மீட்டரின் அளவையும் சேர்த்தே சொல்லும்.

0.3 ஒளியடர்த்தி கொண்ட நடுநிலை வடிகட்டியைக் கற்றையில் வைத்து ஆற்றலைப் பாதியாக்குங்கள். பின் இன்னொன்றைச் சேர்த்துக் காலாக்குங்கள். மூன்று பதிவுகளின் தொடக்க உயரத்தையும் ஒன்றாகச் சமன்செய்து, ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்து பாருங்கள். ஒன்றோடொன்று பொருந்தினால் கவலை இல்லை. ஆற்றல் குறையக் குறையச் சிதைவு நீண்டால் மோதி அழிதல் நடக்கிறது. ஆற்றலை மேலும் குறைத்து, வாழ்நாள் இனி மாறவில்லை என்ற எல்லையை எட்டும் வரை செல்ல வேண்டும். குறிகை இரைச்சலில் மூழ்கிவிட்டால் நூறு இருநூறு பதிவுகளைச் சராசரி எடுங்கள். லேசர் 10 ஹெர்ட்ஸில் ஓடும்போது இருநூறு பதிவுக்கு இருபது நொடிதான் ஆகும்.

சமன்செய்வதற்கு முன் தொடக்க உயரங்களையும் தனியே கவனியுங்கள். ஆற்றல் பாதியானபோது உயரமும் பாதியானால் ஒரு ஃபோட்டானே வேலை செய்கிறது. கால்பங்காகக் குறைந்தால் இரண்டு ஃபோட்டான்கள் சேர்ந்து செய்திருக்கின்றன. 266 நானோமீட்டரில் நீர்க்கரைசலை அளக்கும்போது இது அடிக்கடி நிகழும். மூலக்கூறிலிருந்து எலக்ட்ரான் பிய்ந்து நீரில் தங்கி, 720 நானோமீட்டரை மையமாகக் கொண்ட அகன்ற பட்டையாகத் தோன்றும். அதை மும்மை நிலை என்று நம்பி ஆய்வேட்டில் எழுதுவதற்கு முன், கரைசலில் நைட்ரஸ் ஆக்சைடு வாயுவைச் செலுத்திப் பாருங்கள். நீரில் தங்கிய எலக்ட்ரானை அது விரைவாகப் பிடித்துக்கொள்ளும், பட்டையும் மறையும்.

ஒற்றை ஃபோட்டான் எண்ணும் முறையில் ஒளிர்தலை அளப்பவர்களுக்கும் இதே அறிகுறி வரும், ஆனால் காரணம் மின்னணுவியலில் இருக்கிறது. ஒரு துடிப்புக்கு முதலில் வரும் ஃபோட்டானை மட்டுமே கருவி பதிவுசெய்வதால், ஒளி மிகுந்தால் பின்வருபவை கணக்கில் வராமல் போய் வாழ்நாள் குறைந்ததுபோல் தோன்றும். எண்ணிக்கை வீதம் துடிப்பு வீதத்தில் ஒன்றிரண்டு விழுக்காட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: வாழ்நாள் நூல்களில் உள்ளதைவிட மிகக் குறைவு

பெரும்பாலும் ஆக்சிஜன்தான். அறை வெப்பத்தில் காற்றோடு சமநிலையில் உள்ள நீரில் ஏறக்குறைய 0.27 மில்லிமோலார் ஆக்சிஜன் கரைந்திருக்கும். கிளர்ந்த மூலக்கூறின் ஆற்றலை இன்னொன்று மோதிப் பறிப்பதே தணிப்பு. அதன் மாறிலி மோலாருக்கு நொடிக்கு 2 × 10⁹ என்று கொண்டால், தணிப்பு மட்டுமே மும்மை நிலையை ஏறக்குறைய 1.9 மைக்ரோநொடிக்குள் முடித்துவிடும். அசிட்டோநைட்ரில் போன்ற கரிமக் கரைப்பான்களில் ஆக்சிஜன் இதைப்போல் பல மடங்கு கரையும். பைரீன் நல்ல சாட்சி. ஆக்சிஜன் இல்லாத சைக்ளோஹெக்சேனில் அதன் ஒளிர்தல் 450 நானோநொடி அளவுக்கு நீளும், காற்றுள்ள கரைசலில் இருபது நானோநொடியை ஒட்டிச் சுருங்கிவிடும். உங்கள் வெளியேற்றும் முறை வேலை செய்கிறதா என்று அறிய, முதலில் ஒரு கியூவெட்டில் பைரீனை வைத்துச் சோதித்துக்கொள்ளுங்கள்.

நைட்ரஜனையோ ஆர்கானையோ இருபது நிமிடம் குமிழியிடுவது வழக்கம். அப்படிச் செய்யும்போது கரைப்பான் ஆவியாகிச் செறிவு ஏறுகிறது, டர்பன் கோடையில் கண்ணெதிரே ஏறுகிறது. கியூவெட்டுக்குச் செல்லும் முன் வாயுவை அதே கரைப்பான் நிரப்பிய வேறொரு குப்பியின் வழியே செலுத்தினால், வாயு ஆவியால் நிறைந்தபின் வருவதால் உங்கள் கரைசலை உலர்த்தாது. குமிழியிடுவதற்கு முன்னும் பின்னும் உட்கவர்தல் நிறமாலை எடுத்து ஒப்பிட்டால் செறிவு எவ்வளவு மாறியது என்பது எண்ணாகவே தெரிந்துவிடும்.

அறிகுறி: தணிப்புக் கோடு நேராக வரவில்லை

தணிப்பானின் செறிவுக்கு எதிரே தணிப்பின் அளவை வரையும் ஸ்டெர்ன்–வோல்மர் வரைபடம் மேல்நோக்கி வளைந்தால், தணிப்பான் மூலக்கூறோடு முன்பே சேர்ந்து இருளான இணையை உண்டாக்கியிருக்கலாம், அல்லது தணிப்பானே லேசர் ஒளியைக் குடித்துக்கொண்டிருக்கலாம். வாழ்நாளைக் கொண்டு வரைந்தால் கோடு நேராகவும், ஒளிச்செறிவைக் கொண்டு வரைந்தால் வளைந்தும் வருகிறதா என்று பாருங்கள். அப்படியானால் மோதலால் வரும் தணிப்பு நன்றாகவே அளக்கப்பட்டிருக்கிறது, மிகுதி இவ்விரண்டில் ஒன்று. கீழ்நோக்கி வளைந்தால் இரண்டு வகையான கிளர்ந்த மூலக்கூறுகள் உள்ளன, அவற்றுள் ஒரு வகையைத் தணிப்பான் எட்டவில்லை.

புதிதாக வருபவர்களுக்கு நான் குயினைன் சல்ஃபேட்டையும் சாதாரண உப்பையும் கொடுத்து இதைப் பழகச் சொல்கிறேன். நீர்த்த சல்ஃபூரிக் அமிலத்தில் குயினைன் நீலமாக ஒளிரும், அதன் வாழ்நாள் சுமார் 19 நானோநொடி. உப்பின் குளோரைடு அயனி அதை மோதலாலேயே தணிக்கும். ஒரு சிட்டிகை உப்பு விழுந்தவுடன் நீலம் மங்குவதைக் கண்ணால் கண்டவர், தணிப்பு என்ற சொல்லைப் பிறகு மறப்பதில்லை. குயினைனை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்துவிட்டு ஒளிர்தல் ஏன் இவ்வளவு குறைவு என்று தேடிய மாணவரும் இருந்தார், அமிலத்திலேயே தணிப்பான் இருந்தது.

அறிகுறி: காலையில் நல்ல ஆற்றல், பத்து மணிக்குள் பாதி

இது கடற்கரை நகரத்தின் அறிகுறி. ஜனவரி மாதத்தில் அறை வெப்பம் 28 பாகை, ஈரப்பதம் 80 விழுக்காடு என்றால் பனிநிலை 24 பாகையை ஒட்டி இருக்கும். குளிர்விக்கும் நீரை 20 பாகையில் வைத்து லேசரை ஓட்டினால், காற்றிலுள்ள ஈரம் குழாய்களின் மேலும், லேசர் தலைக்குள் குளிர்ந்த ஒவ்வொரு பரப்பின் மேலும் பனியாகப் படியும். முதலில் தொட்டுப் பார்க்க வேண்டியது நீர்க்குழாயை. விரலில் ஈரம் ஒட்டினால் விடை கிடைத்துவிட்டது. ஆடியில் படிந்த பனியில் துடிப்பு விழுந்தால் பூச்சு கருகும், அதைத் துடைத்து மீட்க முடியாது. ஆகவே ஈரம் தெரிந்தவுடன் லேசரை நிறுத்தி, அறையின் ஈரமுறிஞ்சியை ஓடவிட்டு, கருவியின் கையேடு அனுமதிக்கும் எல்லைக்குள் நீரின் வெப்பநிலையைப் பனிநிலைக்கு மேலாக உயர்த்துங்கள். அனுமதிக்காவிட்டால் ஈரப்பதம் இறங்கும் வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

ஈரம் இல்லாமலும் ஆற்றல் இறங்கினால், அலைநீளம் மாற்றும் படிகத்தைப் பாருங்கள். படிகத்தின் கோணப் பொருத்தம் வெப்பநிலையைச் சார்ந்தது. குளிர்ந்த லேசரில் கோணத்தைத் திருகி உச்ச ஆற்றல் எடுத்தவர், அரை மணி நேரத்தில் படிகம் சூடேறியதும் அந்த உச்சத்தை இழப்பார். லேசரை ஏற்றி அரை மணி கழித்த பிறகே திருகில் கை வையுங்கள். காலையில் குறைவாகத் தொடங்கி மெல்ல ஏறும் ஆற்றல்தான் நலமான லேசரின் இயல்பு.

வாரக்கணக்கில் மெல்லத் தேய்ந்தால் ஒளிர்விளக்கு முதிர்ந்துவிட்டது. 10 ஹெர்ட்ஸில் மணிக்கு 36,000 துடிப்பு, ஒரு மில்லியன் துடிப்புக்கு ஏறக்குறைய 28 மணி நேரம். லேசரின் எண்ணியை வாரந்தோறும் குறித்துவைத்தால் மாற்றும் நாள் முன்கூட்டியே தெரியும்.

அறிகுறி: லோட்ஷெடிங்குக்குப் பிறகு எதுவும் பழையபடி இல்லை

மின்சாரம் போய் இரண்டு மணி நேரம் கழித்து வந்தவுடன் விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்று தோன்றும். தொடரக் கூடாது. அலைநீளம் மாற்றும் படிகங்களுள் ஈரத்தை ஈர்க்கும் கேடிபி வகை ஒரு சிறு சூட்டுப் பெட்டிக்குள் இருப்பதற்குக் காரணம், வெப்பநிலை நிலையாக இருப்பதோடு ஈரம் அண்டாமலும் இருக்க வேண்டும் என்பதே. மின்சாரம் நின்றால் பெட்டி குளிர்கிறது, நம் ஊர்க் காற்று உள்ளே புகுகிறது. பெட்டி முழுச் சூட்டுக்குத் திரும்பும் முன் உயர் ஆற்றலில் துடிப்பைச் செலுத்தாதீர்கள். இயன்றால் அந்தச் சிறு சூட்டுப் பெட்டிக்கு மட்டுமாவது மின்கல இணைப்புக் கொடுங்கள், அது குடிக்கும் மின்சாரம் மிகக் குறைவு.

வேதியியல் பக்கமும் மாறியிருக்கும். குளிரூட்டி நின்ற அறையில் கரைசல் ஐந்து பாகை சூடேறியிருந்தால், நீரின் பாகுத்தன்மை பாகைக்கு ஏறக்குறைய 2 விழுக்காடு வீதம் குறைந்திருக்கும். விரவல் கட்டுப்படுத்தும் வினையின் வேகம் அதனால் பத்து விழுக்காட்டுக்கு மேல் கூடியிருக்கும். காலையில் பாதி செறிவுகளையும் மின்வெட்டுக்குப் பின் மீதியையும் அளந்தவரின் தணிப்புக் கோட்டில் நடுவே ஒரு முறிவு தெரிவது இதனால்தான். கியூவெட் தாங்கியில் வெப்பமானி வைத்து ஒவ்வொரு பதிவுக்கும் வெப்பநிலையை எழுதுங்கள். முறிவு தெரிந்தால், காலையில் அளந்த ஒரு கரைசலை மறுபடி அளந்து பார்ப்பது மற்ற எல்லாத் திருத்தங்களுக்கும் முந்தியது.

அறிகுறி: ஃபெம்டோநொடி அளவீட்டில் நேரம் சுழியில் பெரிய குறிகை

வெறும் கரைப்பானிலும் அது வருகிறதா? வந்தால், கிளர்விக்கும் துடிப்பும், விளக்குக்குப் பதிலாக அளக்க வரும் வெண்ணொளித் துடிப்பும் ஒரே கணத்தில் ஊடகத்தில் சந்திப்பதால் எழும் விளைவு அது, மூலக்கூறின் இயக்கம் அன்று. கரைப்பானின் பதிவைத் தனியே எடுத்து வைத்து, துடிப்பின் அகலத்துக்குள் நடப்பதாகத் தோன்றும் எதையும் மூலக்கூறின்மேல் ஏற்றாதீர்கள். வெண்ணொளித் துடிப்பில் சிவப்பு முன்னும் நீலம் பின்னுமாக வருவதால் சுழி நேரமே அலைநீளத்துக்கு அலைநீளம் வேறுபடும். அதையும் இதே கரைப்பான் பதிவிலிருந்து கணித்துத் திருத்தலாம்.

நூற்றுக்கணக்கான பிகோநொடியில் ஒரு மெதுவான சிதைவு வந்தால் இரண்டு ஐயங்களைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். தாமதத்தை உண்டாக்கும் நகர்மேடை 15 சென்டிமீட்டர் நகர்ந்தால் ஒளி 30 சென்டிமீட்டர் கூடுதலாகச் சென்று 1 நானோநொடி பிந்துகிறது. அந்தப் பயணத்தில் கற்றை இம்மியளவு விலகினாலும் இரு கற்றைகளின் மேற்கவிதல் குறையும், அது சிதைவுபோலவே தெரியும். மேடையின் இரு முனைகளிலும் கரைசல் இருக்கும் இடத்தில் ஊசித்துளையை வைத்து, அதன் வழியே செல்லும் ஒளி சமமாக உள்ளதா என்று பாருங்கள். அடுத்த ஐயம் மூலக்கூறின் சுழற்சி. இரு துடிப்புகளின் முனைவாக்கத்துக்கும் இடையே 54.7 பாகை வைத்து மறுபடி அளந்தால், சுழற்சியால் வந்த பகுதி மறைந்துவிடும். எஞ்சி நிற்பதே கிளர்ந்த நிலையின் சொந்தச் சிதைவு.

அறிகுறி: பொருத்தம் அருமை, பொருள் புரியவில்லை

இரண்டு அடுக்குக்குறிகள் போதாமல் மூன்றைச் சேர்த்தவுடன் எச்சங்கள் (அளந்ததற்கும் பொருத்தியதற்கும் உள்ள வேறுபாடுகள்) சுழியைச் சுற்றி அழகாகப் பரவும். மாறிகள் கூடினால் பொருத்தம் மேம்படுவது இயற்கை. இரண்டு வாழ்நாட்களின் விகிதம் ஒன்றரைக்குக் கீழே இருந்தால், சாதாரண இரைச்சலுள்ள பதிவிலிருந்து அவற்றைப் பிரித்தெடுப்பதை நான் நம்புவதில்லை. பொருத்தத்தின் தொடக்க நேரத்தைச் சற்றே தள்ளி மறுபடி ஓட்டுங்கள். வாழ்நாட்கள் அதோடு நகர்ந்துகொண்டே போனால், அந்தப் பகுதிகள் கணினிக்குள் மட்டுமே உள்ளவை.

அறிகுறி: டர்பனில் ஓர் எண், ஜோகன்னஸ்பர்கில் வேறோர் எண்

நம்மிடம் இல்லாத லேசர்களுக்காக மாணவர்கள் கரைசல்களோடு மேட்டுநிலத்துக்குப் பயணம் போவதுண்டு. பிரிட்டோரியாவில் தேசிய லேசர் மையம் இருக்கிறது, ஜோகன்னஸ்பர்கிலும் ஆய்வகங்கள் உள்ளன. அங்கே அளந்த எண் இங்கே அளந்ததைவிடப் பெரிதாக வந்தால், ஆக்சிஜனை வெளியேற்றாத கரைசலா என்று முதலில் கேளுங்கள். ஜோகன்னஸ்பர்க் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றழுத்தம் ஏறக்குறைய 83 கிலோபாஸ்கல், நமக்கு 101. அழுத்தம் குறைந்த அளவுக்கே கரைந்த ஆக்சிஜனும் குறையும். ஆக்சிஜன் தணிப்பே மேலோங்கிய சிதைவு இங்கே 200 நானோநொடி என்றால், அங்கே 240ஐ ஒட்டி வர வேண்டும். வந்தால் இரண்டு கருவிகளும் சரியாகவே அளக்கின்றன.

அங்கேயும் 200தான் வந்தது என்றால்தான் தேட வேண்டும். டர்பனில் மூடிய கியூவெட் திறக்கப்படாமலே போய், நம் ஊர்க் காற்றைத் தன்னோடு எடுத்துச் சென்றிருக்கலாம். மூடியைத் திறந்து, கரைசலைக் கால் மணி நேரம் அங்குள்ள காற்றோடு கலக்கிவிட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். அளந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே அன்றைய காற்றழுத்தத்தையும் எழுதச் சொல்லுங்கள்.